அழுத்தம் ரத்தத்தில் பிறப்பதில்லை



என் அப்பா ராயபுரத்திலிருந்து துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனவர். 52 வயதில் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. காரணம் கேட்டோம். "உங்க ஆளுங்க கருவாடு தின்னா இப்படித்தான்" என்றார் ஒரு மருத்துவர். அப்பாவுக்கு எத்தனை வருடமாகப் பிரஷர் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதுவரை ஒருவரும் அவர் கையில் பட்டை கட்டிப் பார்த்ததில்லை.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. ரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் அவற்றுக்குப் போகும் மெல்லிய குழாய்கள் தடித்துச் சுருங்குகின்றன. வடிகட்டிகள் ஒவ்வொன்றாகத் தழும்பாகின்றன, சிறுநீரில் புரதம் ஒழுகுகிறது. கெட்டுப்போன சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கி, அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. இதே அழுத்தம்தான் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி. வலி இருக்காது. கால் வீங்கும்போது பெரும்பகுதி போயிருக்கும்.

"உங்க ஆளுங்க" என்ற சொல்லுக்கு வருகிறேன். 1946-ல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதை அவர் கண்டிருந்தார். நோயிலும் அந்த ஒப்புமை உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு ரத்த அழுத்தம் அதிகம். அது அவர்கள் பிறப்பில் இருக்கிறது என்றே நெடுங்காலம் சொன்னார்கள். 1990-களில் ரிச்சர்ட் கூப்பர், சார்லஸ் ரொட்டிமி குழுவினர் அளந்து பார்த்தார்கள். உயர் ரத்த அழுத்தம் மேற்கு ஆப்பிரிக்காவில் 16 விழுக்காடு, கரீபியத் தீவுகளில் 26, அமெரிக்காவில் 33. மூதாதையர் ஒன்றே, வாழ்க்கைதான் வேறு. சிறுநீரகத்தைப் பலவீனமாக்கும் ஒரு மரபணு வகை அவர்களில் சிலரிடம் இருப்பது உண்மை. ஆனால் தோல் நிறத்தைப் பார்த்து அதை அறிய முடியாது. அப்படியிருந்தும் சிறுநீரகத் திறனைக் கணக்கிடும் சூத்திரம், கறுப்பர் என்றால் மதிப்பைக் கூட்டிக் காட்டியது. அதனால் பலர் மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் தாமதமாகவே சேர்ந்தார்கள். 2021-ல்தான் அந்தச் சூத்திரத்தைக் கைவிடப் பரிந்துரைத்தார்கள்.

இப்போது எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் வரை நடந்து பாருங்கள். நிலக்கரிச் சாம்பல், ஆலைப் புகை, விடிய விடிய கன்டெய்னர் லாரிச் சத்தம். நுண்தூசி, இரவு ஷிப்ட், தூக்கமின்மை மூன்றும் அழுத்தத்தை ஏற்றுபவை. உடம்பு வலிக்குக் கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் மாத்திரை அழுத்தத்தை ஏற்றுவதோடு சிறுநீரகத்தையும் நேராகத் தாக்கும். கருவாட்டில் உப்பு இல்லையென்று நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது எல்லோருக்கும் பொது. ஆனால் ஊறுகாயும் அப்பளமும் வைத்த இலையைப் பார்த்து யாரும் "உங்க ஆளுங்க" என்று சொன்னதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. 2024-ல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' பணியிடத்துக்கும் வந்தது. நல்லது. ஒப்பந்தத் தொழிலாளியும் லாரி கிளீனரும் குப்பை அள்ளும் அக்காவும் அந்தக் கணக்கில் இருக்கிறார்களா? இதைக் கேட்பது நம் வேலை.

மாணவர்களே, ஆளுக்கொரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வயது கடந்த ஒவ்வொருவருக்கும் அழுத்தம் பார்க்கச் செய்யுங்கள். அதிகம் இருந்தால் சிறுநீரில் புரதமும் ரத்தத்தில் கிரியேட்டினினும் பார்க்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். அழுத்தத்தைக் குறிக்கும் நோட்டிலேயே அவர் எத்தனை மணி நேரம், எங்கே, என்ன வேலை செய்கிறார் என்பதையும் எழுதுங்கள். என் அப்பாவின் சீட்டில் அந்த வரி இல்லை.