குழந்தைகளோடு நெடும்பயணம்



பயணம் என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவது பள்ளிச் சுற்றுலாவாக இருக்கலாம். இரண்டு நாள் ஆட்டமும் பாட்டும், பிறகு திரும்பி வந்து எழுதும் ஒரு கட்டுரை, அத்தோடு அது முடிந்துவிடும். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது வேறு வகைப் பயணம். சிறு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு குடும்பம் வாரக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே வாழ்வதைப் பற்றிச் சொல்லப்போகிறேன். 'வாழ்வது' என்ற சொல்லை வேண்டுமென்றே கையாளுகிறேன். மூன்று நாள் பயணத்தில் பசியையும் தூக்கத்தையும் ஒருவாறு ஒத்திப் போடலாம். முப்பது நாள் பயணத்தில் அது நடவாது. உண்பது, உறங்குவது, துணி துவைப்பது, சண்டையிடுவது, சமாதானமாவது எல்லாமே வழியில்தான் நடந்தாக வேண்டும்.

1997ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நானும் என் மனைவியும், 10 வயது மகனும், 6 வயது மகளும் வடநாட்டு யாத்திரை புறப்பட்டோம். இரயில்வேயில் 'சுற்றுப் பயணச் சீட்டு' என்று ஒன்று உண்டு. புறப்பட்ட நிலையத்துக்கே திரும்பி வரும்படியாக வழியை அமைத்துக்கொண்டு, இடையில் எட்டு ஊர்கள் வரை இறங்கித் தங்கலாம். தூரம் கூடக்கூடக் கிலோமீட்டர் ஒன்றுக்கு ஆகும் கட்டணம் குறைந்துகொண்டே போவதால், தனித்தனியாகச் சீட்டு வாங்குவதைவிட இது மலிவு. ஆசிரியன் சம்பளத்துக்கு ஏற்ற வழி அதுவே. அந்நாளில் குழந்தைகளுக்கு அரைக் கட்டணத்திலேயே படுக்கையும் கிடைத்தது. 2016ஆம் ஆண்டு முதல் தனிப் படுக்கை வேண்டுமானால் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும்.

பள்ளியில் பாடவேளை அட்டவணை போடுவதுபோல, 38 நாட்களுக்கும் மணிக்கணக்கில் நான் அட்டவணை எழுதி வைத்தேன். அந்த அட்டவணையே பின்னர் எனக்குப் பாடம் புகட்டியது.

முதல் வாரம் இனிதாகக் கழிந்தது. புறப்படுமுன் என் மகன் வீட்டு முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு நண்பகல் நிழலைப் பார்த்திருந்தான். மே மாதத்தில் நம் ஊரில் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழும். இரயில் போபாலைக் கடந்து விதிஷாவை நெருங்கும்போது, கடகரேகையைத் தாண்டுகிறோம் என்று அவனிடம் சொன்னேன். ஆக்ராவில் இறங்கியதும் அவன் மீண்டும் குச்சியை நட்டான். நிழல் வடக்கே விழுந்தது! அங்கே சூரியன் ஆண்டு முழுவதும் உச்சிக்குத் தெற்கிலேயே நிற்கும் என்பதை நான் சொல்லாமலே அவன் ஊகித்துவிட்டான். வகுப்பறையில் கரும்பலகையில் பலமுறை வரைந்தும் நான் புரியவைக்க முடியாததை ஒரு முழக் குச்சி புரியவைத்தது.

இரண்டாம் வாரத்தில் புதுமை தேய்ந்தது. குழந்தைகள் ஜன்னலோர இருக்கைக்குச் சண்டையிட்டார்கள். கோட்டை, கோபுரம் எதைக் காட்டினாலும், 'எப்போது வீட்டுக்குப் போவோம்?' என்றாள் என் மகள். இதைப் பிடிவாதம் என்று எண்ணி அதட்டினேன். அது தவறு. நாள்தோறும் இடம் மாறும்போது, மாறாத சில வழக்கங்களைக் குழந்தையின் மனம் தேடுகிறது. என் மனைவி இதை என்னைவிட விரைவில் கண்டுகொண்டாள். எந்த ஊரானாலும் இரவு எட்டு மணிக்கு அதே பழைய போர்வை, அதே கதை என்று வழக்கப்படுத்தினாள். ஜன்னலோர இருக்கைக்கு ஒரு நிலையம் விட்டு ஒரு நிலையம் என்று முறை வைத்தாள். அழுகை பாதியாகக் குறைந்தது.

முசூரி மலைப் பாதையில் பேருந்து வளைந்து வளைந்து ஏறியபோது மகன் வாந்தி எடுத்தான். இதன் காரணம் பலருக்குத் தெரிவதில்லை. நம் உட்செவியில் அசைவை உணரும் நுண்ணிய குழாய்கள் உள்ளன. அவன் குனிந்து படக்கதை படித்துக்கொண்டிருந்தான். கண், 'அசைவில்லை' என்றது. காதோ, 'அசைகிறோம்' என்றது. இவ்விரண்டு செய்திகளும் முரண்பட்டதால் மூளை குழம்பியது, வயிறு புரண்டது. புத்தகத்தை மூடி, முன் இருக்கையில் அமர்த்தி, தொலைவில் உள்ள மலையைப் பார்க்கச் செய்தோம். சற்று நேரத்தில் தெளிந்தான்.

காசியில்தான் உண்மையான சோதனை வந்தது. மே மாத அனற்காற்று வீசிக்கொண்டிருந்தது. மகளுக்குக் காலை முதல் வயிற்றுப்போக்கு. அன்று இரவு கல்கத்தா வண்டிக்கு இடம் பதிவு செய்திருந்தேன். "இரயிலில் படுத்துத் தூங்கினால் சரியாகிவிடும், மூட்டையைக் கட்டு" என்றேன். அட்டவணை கெடக்கூடாது என்பதே என் கவலை.

குழந்தையை மடியில் வைத்திருந்த மனைவி நிமிர்ந்து, "இதோ பாருங்கள், குழந்தை அழுகிறாள், கண்ணீர் வரவில்லையே!" என்றாள்.

நான் திகைத்து நின்றேன். கண்ணீர் வற்றுவது, நாக்கு உலர்வது, சிறுநீர் குறைவது ஆகியவை உடலில் நீர் வற்றியதன் அறிகுறிகள். சுகாதாரப் பாடம் நடத்திய எனக்கு இது தெரியாததன்று. ஆனால் கண் முன் இருந்ததை நான் பார்க்கவில்லை. சத்திரத்துக்கு வந்த மருத்துவர், "இன்று பயணம் கூடாது" என்றார். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை இரவு முழுவதும் ஒவ்வொரு கரண்டியாகப் புகட்டச் சொன்னார்.

அந்த நீரின் தத்துவம் எளிது. சிறுகுடல் சர்க்கரையை உறிஞ்சும்போது உப்பையும் சேர்த்தே உறிஞ்சுகிறது; அவற்றின் பின்னே தண்ணீரும் செல்கிறது. 1971இல் வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் போன்காவ் முகாமில் இம்முறையைக் கையாண்டு எண்ணற்ற உயிர்களைக் காத்தார். மருந்துக் கடையில் கிடைக்கும் பொட்டலமே சிறந்தது. அது கிடைக்காத இடத்தில், காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். அளவு மிகக்கூடாது, உப்பு மிகுந்தால் தீங்கு விளையும்.

நானும் மனைவியும் மாறி மாறி விழித்திருந்தோம். இரயில் புறப்படும் நேரம் வந்தது, போயிற்று. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. விடியற்காலையில் மகள் கண் விழித்து, "அம்மா, பசிக்கிறது" என்றாள். என் வாழ்நாளில் அதைவிட இனிய சொல்லை நான் கேட்டதில்லை.

ஐந்து நாட்கள் அச்சத்திரத்திலேயே தங்கினோம். பதிவுக் கட்டணம் வீணாயிற்று. கல்கத்தாவில் ஒரு நாள்தான் தங்க முடிந்தது. பூரிக்குப் போகவே இல்லை. அதற்காக அப்போது வருந்தினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இன்று, தானும் ஒரு தாயாகிவிட்ட என் மகளிடம் அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால், தாஜ்மகாலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். சத்திரத்து முற்றத்தில் பக்கத்து அறைச் சிறுமியோடு 'ஏக், தோ, தீன்' என்று எண்ணிப் பாண்டி ஆடியதையும், மண் குவளையில் பால் குடித்ததையும் சொல்வாள். அட்டவணையில் நான் எழுதாத நாட்களே அவள் நெஞ்சில் எஞ்சியிருக்கின்றன.

மாணவர்களே! நீங்களும் நாளை குடும்பத்தோடு நெடுந்தூரம் செல்வீர்கள். திட்டமிடுங்கள், திட்டமின்றிப் போவது அறியாமை. ஆனால் வாரத்துக்கு ஒரு நாளையேனும் ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விட்டுவையுங்கள். கூட்டத்தில் மிகச் சிறியவர் எவரோ, அவர் நடக்கும் வேகமே குடும்பத்தின் வேகமாக இருக்கட்டும். போகின்ற இடங்களைவிட, உடன் வருகின்றவர்களின் முகங்களை அடிக்கடி பாருங்கள். காசியில் என் மனைவி பார்த்தாள், நான் பார்க்கவில்லை. அதைச் சொல்லவே இன்று உங்கள் முன் வந்தேன்.