வயலில் நின்ற தண்ணீர் எங்கே போனது?

பிள்ளைகளே, நல்ல மழை பெய்த மார்கழியில் காரைநகர் வயல்களில் தண்ணீர் நிற்கும். அதே வயலைச் சித்திரையில் போய்ப் பாருங்கள், நிலம் வெடித்துக் கிடக்கும். காரைநகர் ஒரு சிறு தீவு, அங்கே ஆறு கிடையாது. பெய்த மழை கடலுக்கு ஓடலாம், சுண்ணக்கல் வெடிப்புகளில் இறங்கிக் கிணற்றுக்கு வரலாம், அல்லது ஆவியாகி மேலே போகலாம். வரண்ட பிரதேசங்களில் மழையின் பெரும்பங்கு மேலேதான் போகிறது. நம் கண்ணுக்குப் படாததும் அதுதான்.

மண்ணும் குளமும் மட்டும் நீரை இழப்பதில்லை. பூவரசும் பனையும் நெல்லும் வேரால் உறிஞ்சிய நீரை இலைவாய்கள் வழியே வெளியே விடுகின்றன. இதற்கு ஆவியுயிர்ப்பு என்று பெயர். ஆவியாதலையும் ஆவியுயிர்ப்பையும் சேர்த்தே விஞ்ஞானிகள் கணக்கிடுகிறார்கள்.

இந்தக் கணக்கு தீவுக்காரருக்கு மிகவும் வேண்டியது. நிலத்தடியில் நன்னீர் உப்புநீருக்கு மேலே மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கலாம். அப்படியானால் மேலே வெறும் 10 சென்ரிமீற்றர் குறைந்தாலும், கீழேயிருந்து உப்புநீர் மெல்ல மெல்ல 4 மீற்றர் ஏறிவிடும்! கிணறு உவராவது இப்படித்தான்.

சரி, கண்ணுக்குத் தெரியாத ஆவியை எப்படி அளப்பது? நடுப்பகல் வெயிலில் கிடக்கும் கல்லைத் தொட்டுவிட்டு, அதே வெயிலில் நிற்கும் பூவரசு இலையையும் தொட்டுப் பாருங்கள். கல் சுடும், இலை அவ்வளவாகச் சுடாது. நீர் ஆவியாக வெப்பம் வேண்டும். 1 லீற்றர் நீரை 20 பாகை செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பத்தைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு அதை ஆவியாக்கத் தேவை. அந்த வெப்பத்தை இலையிடமிருந்தே நீர் எடுத்துக்கொண்டு போகிறது.

இந்தச் சூட்டு வேறுபாட்டை வானிலிருந்தே பார்க்கலாம். லாண்ட்சாட் 8 (2013), லாண்ட்சாட் 9 (2021) ஆகிய செய்மதிகள் 705 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. நிலம் வெளிவிடும் செங்கீழ்க் கதிர்களை அளந்து, எந்த இடம் எவ்வளவு சூடு என்று அவை சொல்கின்றன. வந்த வெயிலில், நிலம் மேலே திருப்பி அனுப்பிய கதிர்களையும் நிலத்துக்குள் இறங்கிய வெப்பத்தையும் காற்றைச் சூடாக்கிய வெப்பத்தையும் கழித்தால், மிச்சம் நீரை ஆவியாக்கப் போனது. அந்த மிச்சத்திலிருந்து எத்தனை மில்லிமீற்றர் நீர் போனதென்று கண்டுவிடலாம். 1 மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 1 லீற்றர்.

இந்த வழியில் அமைந்த 'செபால்' என்ற முறையை ஒல்லாந்து விஞ்ஞானி விம் பாஸ்தியான்சன் 1990களில் உருவாக்கினார். அவரும் இலங்கையின் சந்திரபாலவும் அதைக் கொண்டு இலங்கை முழுவதற்கும் நீர்க்கணக்குப் போட்டு 2003இல் வெளியிட்டார்கள். ஆயிரம் கருவிகளை ஊர் ஊராக நட்டாலும் கிடைக்காத படம் அது. எனக்கு இன்றும் வியப்புத்தான்.

ஆனால் காரைநகர் போன்ற சிறு தீவு இந்தச் செய்மதிகளைக் கொஞ்சம் திணறடிக்கும். அவற்றின் வெப்பப் படத்தில் ஒரு புள்ளி ஏறக்குறைய 100 மீற்றர் அகலம். கசூரினாக் கடற்கரையில் அப்படியொரு புள்ளிக்குள் மணலும் கடலும் சவுக்கு மரமும் ஒன்றாக விழுந்துவிடும். காலையில் கடல் குளிர்ந்திருப்பதால், அந்த மணலும் ஈரமாக இருக்கிறது என்று கணக்குத் தப்பிவிடும். மாரியில் முகில் மூடினால் நிலத்தின் சூடே தெரியாது. அதனால்தான் செய்மதிக் கணக்கை நிலத்தில் வைத்த மழைமானியோடும் கிணற்று நீர்மட்டத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அம்மா, அப்பாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு உங்கள் கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை அளந்து கொப்பியில் எழுதி வாருங்கள். மாசியிலிருந்து ஆவணி வரை அது எந்த மாதத்தில் வேகமாக இறங்குகிறது?