சென்னைப் பண்பலையும் அதன் நிகழ்ச்சி வடிவங்களும்

எந்த மொழியில் பேசுவது, எவ்வகைப் பாடல்களை ஒலிபரப்புவது, பாட்டுக்கும் பேச்சுக்கும் எவ்வளவு நேரம் ஒதுக்குவது, யாரைத் தன் நேயராகக் கருதுவது என்று ஒரு வானொலி நிலையம் வகுத்துக்கொள்ளும் ஒழுங்கை அத்துறையினர் ‘ஃபார்மட்’ என்பர். தமிழில் அதனை நிகழ்ச்சி வடிவம் எனலாம். நேயர்களின் ரசனை மாறுவதால்தான் இவ்வடிவமும் மாறுகிறது என்பது பொதுவான எண்ணம். ஆனால் சென்னைப் பண்பலையின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால், ரசனையைக் காட்டிலும் அரசின் விதிகளும் உரிமக் கட்டண முறையுமே அதன் வடிவங்களைப் பெரிதும் தீர்மானித்து வந்துள்ளமை புலனாகும்.

இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது. அதுவரை வழக்கிலிருந்த மத்திய அலை ஒலிபரப்பில் அலையின் வீச்சு ஒலிக்கேற்பக் கூடிக் குறையும். மின்னலும் மின்கருவிகளும் எழுப்பும் இரைச்சலும் அவ்வீச்சையே பாதிப்பதால், அது பாட்டோடு கலந்தே காதில் விழும். பண்பலையிலோ வீச்சு மாறாதிருக்க, அலையின் அதிர்வெண் மட்டும் ஒலிக்கேற்ப மாறுவதால், இரைச்சலைப் பெரிதும் விலக்கிவிட முடிகிறது. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வதால், ஒரு நகரமும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே ஒரு நிலையத்தின் எல்லைக்குள் அடங்கும். ஆகவே பண்பலை அதன் இயல்பிலேயே இசைக்கும் ஊர் நடப்புக்கும் உகந்த ஊடகமாகும். ஆயினும் அதனைப் பெறும் வானொலிப் பெட்டிகள் அப்போது அரிதாக இருந்தமையால், தொடக்க ஆண்டுகளில் அதன் பயன் ஒரு சிறு வட்டத்தைத் தாண்டவில்லை.

முதல் பெரிய மாற்றம் 1993-இல் வந்தது. அகில இந்திய வானொலி தன் பண்பலை நேரத்தைப் பகுதிகளாகப் பிரித்துத் தனியாருக்குக் கட்டணத்தின் பேரில் அளிக்கத் தொடங்கியது. முதலில் டெல்லியிலும் மும்பையிலும் நடைமுறைக்கு வந்த இம்முறை பின்னர் சென்னைக்கும் விரிவடைந்தது. நேரத்தை விலைக்கு வாங்கியவர் அதனை விளம்பரத்தால் ஈடுகட்ட வேண்டியிருந்தமையால், எழுதி வைத்ததை வாசிக்கும் அறிவிப்பு முறைக்குப் பக்கத்தில், நேயருடன் நேரில் உரையாடுவது போன்ற பேச்சு நடை இடம்பிடித்தது. 1998-இல் இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தபோதிலும், அந்த நடை மறையவில்லை.

இதற்கிடையே, 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், கிரிக்கெட் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமை தொடர்பான வழக்கில், வானலைகள் பொதுச் சொத்து என்றும், அவற்றைப் பொதுநலனுக்காக ஒழுங்குபடுத்த ஒரு பொது அதிகார அமைப்பு வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ஆனால் தனியார் நிலையங்களுக்கு அலைவரிசைகளை வழங்கியபோது அரசு தேர்ந்தது ஏல முறையை. முதற்கட்டத்தில் ஏலத்தில் கேட்ட தொகை ஆண்டுதோறும் 15 விழுக்காடு உயரும் நிலையான உரிமக் கட்டணமாயிற்று. சென்னையில் 2003-இல் சூரியன் எஃப்.எம்., ரேடியோ மிர்ச்சி ஆகியவை இம்முறையின்கீழ்த் தொடங்கின. வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் கட்டணம் ஏறிக்கொண்டே போகும் நிலையில், அனைவரும் அறிந்த திரைப்பாடலை விட்டுப் புதிய முயற்சியில் இறங்குவது எந்த நிலையத்துக்கும் எளிதன்று.

2005-இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் கட்டக் கொள்கை, ஒருமுறை செலுத்தும் நுழைவுக் கட்டணத்துடன் மொத்த வருமானத்தில் 4 விழுக்காடு என்று இச்சுமையைக் குறைத்தது. ஹலோ எஃப்.எம்., பிக் எஃப்.எம்., ரேடியோ சிட்டி எனச் சென்னையில் நிலையங்கள் பெருகின. எனினும் வடிவங்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. இதன் காரணத்தை அமெரிக்கப் பொருளியலறிஞர் பீட்டர் ஸ்டைனர் 1952-லேயே விளக்கியிருந்தார். நூறு நேயர்களுள் எண்பது பேர் திரைப்பாடலையும் பதினைந்து பேர் கருநாடக இசையையும் விரும்புவதாகக் கொள்வோம். நான்கு நிலையங்கள் நான்கு உரிமையாளர்களிடம் இருந்தால், எண்பதைப் பங்கிட்டாலும் ஒவ்வொன்றுக்கும் இருபது பேர் கிடைப்பர். அது பதினைந்தைவிட மிகுதி என்பதால் நான்கும் திரைப்பாடலையே நாடும். ஒரே உரிமையாளரிடம் இரு நிலையங்கள் இருந்தாலோ, இரண்டாவதைக் கருநாடக இசைக்கு ஒதுக்குவதே அவருக்கு ஆதாயமாகக்கூடும். ஒரு நகரில் ஒரு நிறுவனத்துக்கு ஓர் அலைவரிசை மட்டுமே என்ற அக்கால விதி, அறிந்தோ அறியாமலோ இந்த ஒருமுகப் போக்குக்குத் துணைநின்றது. 2011-இன் மூன்றாம் கட்டக் கொள்கை அவ்விதியைத் தளர்த்தியது.

வடிவத்தைக் கட்டுப்படுத்தும் மற்றொரு விதி, தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக்கூடாது என்பதாகும். அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி அஞ்சல் செய்வதற்கு மட்டுமே 2011-இன் கொள்கை இடமளித்தது. போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, மின்சாரம், குடிநீர் வழங்கல் பற்றிய அறிவிப்புகளைச் செய்தியல்லாதவை என வகைப்படுத்தி அனுமதித்தது. குடிநீர் வராது என்று அறிவிக்கலாம். ஏன் வரவில்லை என்று ஆராயும் செய்திப்பிரிவை நிலையம் அமைத்துக்கொள்ள இயலாது. பேச்சை முதன்மையாகக் கொள்ளும் நிலையம் வேரூன்றுவதற்கு இது பெருந்தடையாகும். ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் வரை செய்திக்கு அனுமதிக்கலாம் என இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023-இல் பரிந்துரைத்தமை இக்குறையை உணர்ந்ததன் அடையாளமாகும்.

கட்டணச் சுமை இல்லாவிடில் வடிவம் எவ்வாறு மாறும் என்பதற்கும் சென்னையே சான்று தருகிறது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 90.4 அலைவரிசையில் தொடங்கிய அண்ணா எஃப்.எம்., நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியாகும். சமுதாய வானொலி என்பது ஈட்டத்தை நோக்காது, ஒரு சிறு வட்டாரத்து மக்களுக்காக அவர்களின் பங்கேற்புடன் நடத்தப்படும் குறைந்த திறன் நிலையம். வணிக நிலையங்களில் இடம் கிடைக்காத உடல்நலமும் கல்வியும் அறிவியலும் அங்கே அன்றாட நிகழ்ச்சிகளாயின. கேட்கும் நகரம் ஒன்றே, அலையின் இயல்பும் ஒன்றே; உரிமம் வழங்கிய விதி வேறானதால் ஒலித்த குரலும் வேறாயிற்று. ஆதலால், எல்லா நிலையங்களும் ஒரே பாட்டைப் பாடுகின்றன என்று வருந்தும் நேயர், தம் ரசனையையும் அண்டை வீட்டாரின் ரசனையையும் குறைகூறுவதற்கு முன், பொதுச் சொத்தான வானலையை என்ன நிபந்தனையில் பிறரிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்று கேட்பதே முறையாகும்.