பயமுறுத்தாத படம் வேண்டும்!

மாமல்லபுரம் போயிருப்பீர்கள். அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் நின்று போட்டோவும் எடுத்திருப்பீர்கள். அந்தப் பாறையில் ஒரு பூனை முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு தவம் செய்வதைக் கவனித்தீர்களா? சுற்றிலும் எலிகள்! ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிகள் ஒரு எழுத்துகூடப் பொறிக்காமல் சொன்ன விஷயம், இன்றைக்கும் சின்னக் குழந்தைக்குப் புரிகிறது. போலிச் சாமியாரை நம்பாதே, அவ்வளவுதான்!

படத்துக்கு அப்படி ஒரு பலம். ஆனால் அதே படம் தப்பாகிவிட்டால்?

சில வருடங்களுக்கு முன் சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு மீனவர் என்னிடம் வந்தார். நாற்பது வயது இருக்கும். தூண்டில் நரம்பு விரலை அறுத்திருக்கிறது. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது! முழங்கைக்குக் கீழே வெளிறிய படை ஒன்று.

"எத்தனை நாளா இருக்குப்பா?"

"ரெண்டு வருஷமா இருக்குங்கய்யா. அரிக்கலை, வலிக்கலை. தேமல்னு விட்டுட்டேன்."

"தொழுநோய் போஸ்டர் எதுவும் பார்த்ததில்லையா?"

"பார்த்திருக்கேங்க. அதுல விரல் மடங்கி, மூக்கு அமுங்கி இருக்கும். எனக்குத்தான் அப்படி ஒண்ணும் இல்லீங்களே!"

போஸ்டர் வரைந்தவரின் எண்ணம் நல்லதுதான். ஆனால் கதையின் கடைசிக் காட்சியை மட்டும் காட்டிவிட்டார். முதல் காட்சியில் இருந்த மனிதர் 'இது என் கதை இல்லை' என்று போய்விட்டார்.

விரல் ஏன் போகிறது?

செங்கல்பட்டுக்கும் இந்த நோய்க்கும் பழைய தொடர்பு உண்டு. 1924-ல் தொடங்கிய லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தை 1955-ல் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. அதுதான் திருமணியில் உள்ள மத்திய தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம். 1947-ல் டாக்டர் பால் பிராண்ட் இங்கே வந்து நோயாளிகளின் மடங்கிய கைகளைப் பார்த்தார். பிறகு வேலூரில் அந்தக் கைகளை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையில் இறங்கினார். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு பாதித்து உணர்ச்சி போய்விடுவதால் சூடும் காயமும் தெரியாமல்தான் கெட்டுப்போகின்றன என்பது அவருடைய வேலையால் நன்றாகப் புரிந்தது.

அப்படியானால் படத்தில் வர வேண்டியது மடங்கிய விரல் இல்லை. உணர்ச்சியில்லாத படை!

பயம் எங்கே உதவும்?

2020-ல் சென்னையில் கொரோனா வைரஸ் மாதிரி ஹெல்மெட் செய்து, போலீஸ்காரர் ஒருவர் அதை மாட்டிக்கொண்டு ரோட்டில் நின்றது நினைவிருக்கிறதா? மக்களை வீட்டுக்குள் இருக்க வைப்பதுதான் அப்போது நோக்கம். அங்கே கொஞ்சம் பயம் உதவலாம். தொழுநோயில் விஷயமே தலைகீழ். நோயாளி வெளியே வர வேண்டும். பயமுறுத்தினால் சட்டைக்குள் மறைத்துக்கொள்வார்.

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் என்ன செய்கிறான்? ராஜா கதைக்கு நடுவிலேயே ஊர் விஷயத்தைக் கிண்டலாக நுழைத்துவிடுகிறான். ஜனங்கள் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் பாட்டும் வீதி நாடகமும் கொண்டுதான் எழுத்தறிவை ஊர் ஊராகக் கொண்டுபோனது. சிரிக்க வைத்துச் சொன்னால் மனசில் நிற்கும்.

வரையும்போது கவனிக்க...

* நிறம்: தொழுநோய்ப் படை சாதாரணமாக வெளிறியோ, சற்றுச் சிவந்தோ இருக்கும். பால் வெள்ளையாக வரைந்துவிடாதீர்கள். அது வெண்புள்ளி. அதற்கும் தொழுநோய்க்கும் சம்பந்தமே கிடையாது. அதில் உணர்ச்சி போகாது, ஒட்டவும் ஒட்டாது. ஒரு தப்பான நிறம், ஒரு பெண்ணின் கல்யாணத்தையே நிறுத்திவிடும்!

* ஆள்: பிச்சைக்காரரை வரையாதீர்கள். டீச்சர், டிரைவர், கல்லூரி மாணவி என்று நம்மைப் போன்றவர்களை வரையுங்கள்.

* சொல்: 'குஷ்டம்' வேண்டாம். 'தொழுநோய்' என்றே எழுதுங்கள். எங்கள் சித்த நூல்கள் குட்டத்தைப் பதினெட்டு வகை சொல்கின்றன. அதில் பல வேறு தோல் நோய்கள். பெயர்க் குழப்பத்தால் பட்டவர்கள் ஏராளம்.

* முடிவு: படம் மருந்தில் முடியட்டும். தொழுநோய் மாத்திரை அட்டையே ஒரு நல்ல வடிவமைப்பு. 28 நாள் மாத்திரைகள் ஒரே அட்டையில், நாள் வரிசைப்படி. பெரியவர்களுக்கு, குழந்தைகளுக்கு என்று தனித்தனி நிறம். படிக்கத் தெரியாதவரும் தப்பாமல் சாப்பிடலாம்.

நான் சித்த வைத்தியன்தான். ஆனாலும் இந்த நோய்க்கு 1981-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துக்குத்தான் அனுப்புவேன். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். அதனால் பிரித்து வைக்கத் தேவையில்லை. இது பரம்பரை நோயும் இல்லை.

'அதுதான் ஒழிஞ்சு போச்சே?' என்பீர்கள். 2005 கடைசியில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே குறைந்தது உண்மை. ஆனால் 2023-ல் கூட இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஜனவரி 30 தொழுநோய் ஒழிப்பு தினம். உங்கள் குழந்தையின் பள்ளியில், குடியிருப்போர் சங்கத்தில் ஒரு ஓவியப் போட்டி வையுங்கள். மேலே சொன்ன நான்கையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்த மீனவர் 12 மாதம் மாத்திரை சாப்பிட்டார். விரல்கள் நேராகவே இருக்கின்றன. இப்போதும் கடலுக்குப் போகிறார்.

நம் முதுகு நம் கண்ணுக்குத் தெரியாது. இன்றைக்கே வீட்டில் ஒருவர் முதுகை ஒருவர் பாருங்கள். வெளிறிய படை இருந்தால், கண்ணை மூடச் சொல்லிக் கோழி இறகால் தொடுங்கள். தெரியவில்லை என்றால், நாளை காலையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புறப்படுங்கள்.