கியர் விழுந்தது... பர்ஸ் தப்பியது!

பி.காம். படித்தவனுக்கு இரண்டே விஷயம்தான் நன்றாகத் தெரியும். ஒன்று பற்று, இன்னொன்று வரவு. செகண்ட் ஹேண்டில் கார் வாங்கிய நாளிலிருந்து என் கணக்கில் பற்றுப் பக்கம் மட்டும்தான் நிரம்பிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். கண்புரை ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் டெஸ்ட்டுகள். ஆபரேஷனுக்கென்று 30,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்திருந்தேன். கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது ஆரம்பித்தது வினை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் 'வீல்' என்று அலறுகிறது. வண்டியோ கல்யாண மண்டபத்து வாசலில் மாமியாரைப் பார்த்த மாப்பிள்ளை மாதிரி நகர மறுக்கிறது. பின்னால் பஸ். அதற்குப் பின்னால் சென்னை மாநகரமே நின்று ஹாரன் அடிப்பதுபோல் ஒரு பிரமை.

"என்னடா, பாட்டை நிறுத்து" என்றாள் அம்மா.

"பாட்டு இல்லேம்மா, வண்டி!"

ஒருவழியாக உருட்டி, இறக்கத்தில் இறங்கி, கண்ணில் பட்ட முதல் ஒர்க்ஷாப்பில் சேர்த்தேன். அம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்தேன். கண்ணாடி கேபின், ஏஸி, ஃபில்டர் காப்பி எல்லாம் உண்டு. ஒரு இளைஞர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, டாக்டர் ஐ.சி.யூ. வாசலில் வருவதுபோல் கையைத் துடைத்தார்.

"கியர்பாக்ஸ் போயிடுச்சு ஸார்."

"எங்கே?" என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். 'கியர்பாக்ஸ் வேலை - 28,500.' அவ்வளவுதான். ஒரே வரி!

மூன்று வருஷம் காலேஜில் ஐந்தொகை போட்டவன் நான். ஒரு பெட்டிக்கடையின் லாப நஷ்டக் கணக்குக்கே பத்து வரி எழுதச் சொல்வார் எங்கள் புரொபசர். இங்கே 28,500 ரூபாய்க்கு மொத்தமே இரண்டு வார்த்தை!

"இதிலே பார்ட்ஸ் எவ்வளவு, லேபர் எவ்வளவு ஸார்?"

"எல்லாம் சேர்த்துதான் ஸார்."

"உள்ளே என்ன போச்சுன்னு...?"

"இறக்கினாத்தான் தெரியும்."

இங்கேதான் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். கண் விழித்தது. இறக்கினால்தான் தெரியும் என்றால், இறக்குவதற்கு முன்பே 28,500 எப்படித் தெரிந்தது? வியாதி தெரியாமல் பில் மட்டும் தெரிகிற வித்தை!

"யோசிச்சு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, பார்த்ததற்கு 300 ரூபாய் கட்டி, வண்டியை மெள்ள உருட்டி வெளியே கொண்டுவந்தேன். மனசு கணக்குப் போட்டது. 30,000-இல் 28,500 போனால் மிச்சம் 1,500. அதில் அம்மாவுக்குக் கூலிங் கிளாஸ் வாங்கலாம். கண் ஆபரேஷன் நடக்காது.

ஆபீஸ் நண்பர் ஒருவர் ஆலந்தூர் பக்கம் ஒரு சந்தில் பாய் ஒருவர் இருப்பதாகச் சொன்னார். ஏஸி கிடையாது. வேப்பமரம் உண்டு. பாய்க்கு அறுபது வயசு இருக்கும். பானெட்டைத் தொடவே இல்லை. ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"சத்தம் எப்போ வருது தம்பி? கிளட்ச் மிதிக்கும்போதா, விடும்போதா?"

எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருஷமாக ஓட்டுகிறேன்; கவனித்ததே இல்லை.

"சரி, ஸ்டார்ட் பண்ணுங்க. நியூட்ரல்ல வையுங்க. கிளட்ச்லேர்ந்து காலை எடுங்க."

எடுத்தேன். சத்தம் இல்லை.

"இப்ப மிதிங்க."

'ர்ர்ர்ர்...' என்று அம்மியில் மிளகாய் அரைப்பதுபோல் ஒரு சத்தம்.

பாய் சிரித்தார். "கேட்டீங்களா? காலை எடுத்திருக்கும்போது சத்தம் வந்து, மிதிச்சா நின்னுச்சுன்னா, கியர்பாக்ஸ் உள்ளே இருக்கிற பேரிங்மேல சந்தேகப்படணும். மிதிக்கும்போது வந்தா அது ரிலீஸ் பேரிங். அது கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கு. இன்ஜின் கத்தி வண்டி ஏறலைன்னா கிளட்ச் பிளேட் தேஞ்சு வழுக்குதுன்னு அர்த்தம்."

"அப்போ கியர் விழறதுக்கு மல்லுக்கட்டுதே?"

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட் ஓரத்தில் ஆயில் கசிந்திருந்தது. எங்கள் அபார்ட்மென்ட்டில் கார் நிற்கும் இடத்தில் டைல்ஸ் கறுப்பாகிறது என்று கீழ்வீட்டு மாமா மூன்று மாசமாகச் சண்டை போட்டது ஞாபகம் வந்தது. அவர் சொன்னதை அப்போதே கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

பாய் கியர் ஆயிலை வடித்தார். இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. அதை விரலில் தேய்த்துப் பார்த்தார். வடிகட்டி ஒரு காந்தத்தையும் விட்டு எடுத்தார். "இரும்புத் துண்டு எதுவும் வரலை. பல்லு உடைஞ்சிருந்தா இதிலே வந்திருக்கும். பாக்ஸைப் பிரிக்க வேண்டாம்னுதான் தோணுது. ஆனா கிளட்ச் மாத்தறதுக்காக இறக்கித்தான் ஆகணும்."

பிறகு, பழைய காலண்டரின் பின்புறத்தில் எழுதினார். ஒவ்வொரு வரியாக.

கிளட்ச் செட் 4,200. ரிலீஸ் பேரிங் 650. ஆயில் சீல் இரண்டு 300. கியர் ஆயில் 900. லேபர் 3,000. மொத்தம் 9,050.

என்னையும் மீறிக் கண் கலங்கியது. தொகையைப் பார்த்து அல்ல. ஐந்து வரிகளைப் பார்த்து!

ஆனால் பாருங்கள், மனித மனம் ஒரு குரங்கு. 28,500 கேட்டபோது வாயடைத்து நின்றவன், 9,050 என்றதும் பேரம் பேச ஆரம்பித்தேன்.

"பாய், லேபரை 2,000-ஆ வெச்சுக்கலாமே..."

பாய் கோபித்துக்கொள்ளவில்லை. "குறைக்கலாம் தம்பி. ஆனா, எதைக் குறைக்கட்டும்? பாக்ஸை இறக்கி ஏத்த ரெண்டு ஆளு, ஒரு நாள் பூரா வேலை. அவங்க சம்பளத்தைக் குறைக்க முடியாது. ஒரிஜினல் பிளேட்டுக்குப் பதிலா லோக்கல் போட்டா ஆயிரத்துக்கு மேலேயே குறையும். உங்களுக்குச் சந்தோஷம். ஆறு மாசத்துல மறுபடி இறக்கணும். அப்பவும் எனக்கு 3,000. எனக்கும் சந்தோஷம்!"

பளார் என்று அறைந்த மாதிரி இருந்தது. ஏனென்றால், இது எனக்கு ஏற்கெனவே நடந்த கதை. முதல் வேலையில் இருந்தபோது என் பைக்குக்குக் கிளட்ச் பிளேட் மாற்ற ஒரு மெக்கானிக் 1,100 கேட்டார். விடாப்பிடியாகப் பேசி 700-க்கு முடித்து, ஆபீஸ் பூரா தம்பட்டம் அடித்தேன். நாலாவது மாசம், தாம்பரம் தாண்டி நட்ட நடு வெயிலில், ஃபார்மல் சட்டையும் டையுமாக மூன்று கிலோமீட்டர் பைக்கைத் தள்ளினேன். அந்த மெக்கானிக்கை அன்றைக்குத் திட்டாத திட்டு இல்லை. இப்போது யோசித்தால், என் 700 ரூபாய்க்கு என்ன வருமோ அதைத்தான் அவர் போட்டிருக்கிறார்.

"9,050-க்கே பண்ணிடுங்க பாய்."

"ஒரு விஷயம். இறக்கின பிறகு வேற ஏதாவது இருந்தா போன் பண்றேன். உங்களைக் கேக்காம ஒரு நட்டைக்கூடக் கழட்ட மாட்டேன்."

மறுநாள் மூணு மணிக்கு, மேனேஜர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தது. பாய்! வயிற்றில் புளி கரைத்தது. 'சரி, இவரும் அவர்தான்' என்று நினைத்துக்கொண்டேன்.

"ஃப்ளைவீல்ல கோடு விழுந்திருக்கு. லேத்துல குடுத்து ஃபேஸ் அடிக்கணும். 600 ஆகும். நீங்க வந்து பார்த்துட்டு 'சரி'ன்னு சொன்னா அனுப்பறேன்."

பர்மிஷன் போட்டு ஓடினேன். பழைய பிளேட்டை என் கையில் கொடுத்தார். தேய்ந்து தேய்ந்து ரிவெட் தலைகள் வெளியே எட்டிப் பார்த்தன. அந்த ரிவெட்டுகள்தான் ஃப்ளைவீலைக் கீறியிருந்தன. விரலை வைத்துத் தடவினால் கிராமபோன் ரெக்கார்டு மாதிரி வரி வரியாக இருந்தது. 600 சரிதான். ஆக, மொத்தம் 9,650.

பணம் கொடுக்கும்போது பாய் கேட்டார்: "தம்பி, ஓட்டும்போது இடது காலை எங்கே வெப்பீங்க?"

"கிளட்ச் மேலேதான். சும்மா... ஒரு ரெஸ்ட்டுக்கு."

"சிக்னல்ல?"

"கியர்லயே வெச்சு மிதிச்சுக்கிட்டு நிப்பேன். பச்சை விழுந்ததும் கிளம்பணுமே."

பாய் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அதுதான் பாக்கி. 28,500-க்கு மொத்த கியர்பாக்ஸையே மாற்றியிருந்தாலும், என் இடது கால் அதே கால்தானே!

ஒரு வாரம் கழித்து அந்த முதல் ஒர்க்ஷாப் இளைஞரை டீக்கடையில் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் அசடு வழியவில்லை. "ஸார், சின்ன வேலையா செஞ்சு குடுத்தா, அடுத்த மாசம் வேற ஏதாவது போனாலும் எங்ககிட்டதான் சண்டைக்கு வர்றாங்க. அதனால முழுசா மாத்திடுன்னு முதலாளி சொல்லிட்டார்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவருடைய பயத்துக்கு 19,000 ரூபாய் பிரீமியத்தை நான் ஏன் கட்ட வேண்டும்?

என்னைப் போலவே சம்பள தேதிக்காகக் காலண்டரைப் பார்க்கும் நண்பர்களுக்காக, பாயின் பாடத்தையும் என் காமர்ஸையும் கலந்து ஆறு பாயின்ட்டுகள்:

1. ஒர்க்ஷாப்புக்குப் போய், 'கியர்பாக்ஸ் பாருங்க' என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். சத்தம் எப்போது வருகிறது, எந்த கியரில், மேட்டிலா சமதளத்திலா என்று அறிகுறியை மட்டும் சொல்லுங்கள். 'கியர்பாக்ஸ்' என்று நீங்கள் சொன்னால், அவர் ஏன் 'இல்லை' என்று சொல்லப்போகிறார்?

2. எஸ்டிமேட் வரி வரியாக இருக்க வேண்டும். பார்ட்ஸ் தனி, ஆயில் தனி, லேபர் தனி. ஒரே வரி என்றால் 'யோசிச்சு சொல்றேன்' என்பதே உத்தமமான பதில்.

3. பார்ட்ஸ் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி.யில் வரியும் அடக்கம். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று சேர்த்தால், ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு டோக்கன் வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். 2025 செப்டம்பர் 22-இலிருந்து பெரும்பாலான உதிரி பாகங்களுக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் பழைய விகிதம் இருந்தால் கேளுங்கள். ஜி.எஸ்.டி. வசூலிக்கிற பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருந்தாக வேண்டும். சென்னைவாசிகள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் ஒரு நடை விலை விசாரிக்கலாம். புதுப்பேட்டையில் பழைய பார்ட்ஸ் கிடைக்கும். ஆனால் கிளட்ச் பிளேட் மாதிரி தேய்கிற சாமானைப் பழசாக வாங்குவது, அடுத்தவர் பல்துலக்கிய பிரஷ்ஷை வாங்குவது போல!

4. கியர்பாக்ஸை இறக்குவதற்குத்தான் லேபர் அதிகம். ஆகவே இறக்கும்போதே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுவது லாபம். 650 ரூபாய் பேரிங்கை மிச்சம் பிடித்து, பிறகு அதற்காக 3,000 லேபர் கொடுப்பது பி.காம். படித்தவனுக்கு அழகல்ல.

5. பைக்காரர்களே, பெரும்பாலான பைக்குகளில் இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில்தான். விலை குறைவு என்று காருக்கான ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க வாய்ப்பு உண்டு. டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

6. கழற்றிய பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் வாரன்ட்டியை எழுதி வாங்குங்கள். அப்படியும் மோசம் போனால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனு செய்யக் கட்டணமே கிடையாது. ஆனால் கையில் பில் இருக்க வேண்டும். காலண்டர் தாளாக இருந்தாலும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்!

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்து வைத்த பணத்தில் வண்டிக்குப் போன பள்ளத்தை மாசச் சம்பளத்திலிருந்து நிரப்பினேன். 28,500 பள்ளமாக இருந்திருந்தால் அடுத்த தீபாவளி வரைக்கும் மண் கொட்டியிருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து செக்கப்புக்கு அதே காரில், அதே கத்திப்பாராவில் போனோம். வண்டி வெண்ணெய் மாதிரி ஏறியது. அம்மா முன்சீட்டில், கறுப்புக் கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டு, ஊரையே புதுசாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். போர்டுகளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு மெள்ளக் குனிந்து கீழே பார்த்தாள்.

"அந்த பாய் என்னடா சொன்னார்? காலை எடுடா கிளட்ச்சிலேர்ந்து!"