கூச்சம் வேண்டாம், கவனம் வேண்டும்!

கல்யாணக் கச்சேரியில் வாசலோர நாற்காலியாகப் பார்த்து உட்காரும் மாமிகளைக் கவனித்திருக்கிறீர்களா? பாட்டுப் பிடிக்காமல் அல்ல. அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கிறது, பாவம்! சிறுநீர்ப்பை நிறைவதற்கு முன்பே அதன் தசை அவசரப்பட்டுச் சுருங்குகிறது. இதற்கு மருந்து உண்டு. ஆனால், ரத்தக் கொதிப்பும் கூடவே இருந்தால் எந்த மருந்து என்பதில்தான் சூட்சுமம்.

ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின் போன்ற பழைய மருந்துகள் வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், வயதானவர்களுக்கு ஞாபகத்தையும் குழப்பக்கூடும். 2012-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மிராபெக்ரானில் இந்தத் தொல்லைகள் குறைவு. ஆனால், சிலருக்கு அது ரத்தக் கொதிப்பை ஏற்றிவிடும்! ஆகவே 2015-ல் பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது: கொதிப்பு அடங்காமல் மேல் எண் 180, அல்லது கீழ் எண் 110, அல்லது அதற்கும் மேலே நிற்பவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. மற்றவர்களுக்கும் ஆரம்பிக்குமுன் அளந்து பார்க்க வேண்டும். பிறகும் தவறாமல் அளந்துவர வேண்டும்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரைகளிலேயே சில, சிறுநீரைப் பெருக்குபவை. உங்கள் தொல்லைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்!

ஆகவே, சகோதரிகளே, கொதிப்பை ஒரு டாக்டரிடமும் இந்தச் சங்கடத்தை இன்னொருவரிடமும் பங்கு போட்டுச் சொல்லாதீர்கள். சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.