கூப்பன் அரிசியும் 1970ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலும்

1970ஆம் ஆண்டு மே மாதம் 27ஆந் திகதி இலங்கையில் நிகழ்ந்த பொதுத் தேர்தலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளையே எடுத்துச் சொல்வர். ஒன்று, ஐக்கிய முன்னணி 151 ஆசனங்களில் 116ஐக் கைப்பற்றியமை. மற்றையது, அம்முன்னணியின் தலைவி சிறிமாவோ பண்டாரநாயக்கா சந்திரமண்டலத்திலிருந்தேனும் அரிசி கொண்டுவந்து தருவதாக வாக்களித்தார் என்று மக்களிடையே வழங்கிவரும் கதை. மனிதன் சந்திரனிற் கால்பதித்துப் பத்து மாதமே கழிந்திருந்த காலம் அது. ஆதலின் அப்பேச்சு எளிதிற் பரவிற்று. பின்வந்தோர் பலர் இக்கதையைக் கொண்டே அக்கால வாக்காளரை நகையாடுவர். நாட்டின் நலத்தை நோக்காது அரிசிக்கு ஆசைப்பட்டு ஆட்சியை மாற்றினர் என்பது அவர் துணிபு. அந்நகைப்பு எத்துணை நியாயமானது என்பது ஆராயத்தக்கது.

முதலிற் கூப்பன் வந்த வரலாற்றை நோக்குதல் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. 1942இல் அரசாங்கம் உணவுப் பங்கீட்டை ஏற்படுத்தியது. போர் ஓய்ந்தும் பங்கீடு ஓயவில்லை. வெளிநாட்டில் அதிக விலைக்கு வாங்கிய அரிசியை உள்நாட்டிற் குறைந்த விலைக்கு விற்று, இடையிலுள்ள நட்டத்தை அரசாங்கமே மானியமாகத் தாங்கிவந்தது. இதன் விளைவாக நாட்டிலுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசாங்கமே அரிசிக் கடைக்காரனாயிற்று. வாரந்தோறும் சங்கக் கடைக்குக் கூப்பன் புத்தகத்தோடு செல்லும் குடும்பத் தலைவி, தன் பையிற் கொட்டப்படும் அரிசியின் அளவைக் கொண்டு அரசாங்கத்தை அறிந்தாள். அந்நியச் செலாவணி, ஏற்றுமதி வருவாய், வரவு செலவுத் திட்டத்தின் துண்டு விழும் தொகை ஆகிய யாவும் அவளுக்கு எட்டாத சொற்கள். ஆயினும் ஒரு கொத்துக்கும் இரண்டு கொத்துக்கும் உள்ள வேற்றுமையை அவளுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வேற்றுமையின் வலிமையை ஆட்சியாளர் 1953இலேயே கண்டனர். கொரியப் போர்க்காலத்தில் உயர்ந்த அரிசி விலை திறைசேரியை வருத்தவே, அவ்வாண்டு யூலை மாதத்தில் நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா கொத்து 25 சதமாயிருந்த பங்கீட்டரிசியின் விலையை 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்ட மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆந் திகதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஹர்த்தால் நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடி ஆலோசித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்கா அக்டோபரிற் பதவி துறந்தார். அரிசி விலை பின்னர் படிப்படியாகக் குறைந்து, 1960இற் கொத்து 25 சதம் என்னும் பழைய எல்லைக்கே மீண்டது. 1962இல் நிதி அமைச்சராயிருந்த பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா பங்கீட்டில் அரைக் கொத்துக் குறைக்க முற்பட்டபோது அவருடைய கட்சியினரே எதிர்த்தெழ, பதவியை விட்டார். ஒரு நாட்டின் நிதி அமைச்சை அரைக் கொத்து அரிசி கவிழ்த்த நிகழ்ச்சி பிற நாட்டு வரலாறுகளிற் காண்டற்கரியது.

இத்தனையும் அறிந்திருந்தும் டட்லி சேனநாயக்காவே, 1965 மார்ச்சில் மீண்டும் ஆட்சிக்கு வந்து ஓராண்டும் ஒன்பது மாதமும் சென்றபின், பங்கீட்டிற் கை வைக்க நேர்ந்தது. தேயிலையின் உலக விலை தளர்ந்துவந்தது. இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறிற்று. செலாவணிக் கையிருப்பு மெலிந்தது. 1966 டிசம்பரில் ஆளொருவருக்கு வாரம் இரண்டு கொத்தாயிருந்த பங்கீடு ஒரு கொத்தாயிற்று. 1953இன் பாடம் மறக்கப்படவில்லை என்பதற்கு அடையாளமாக, அவ்வொரு கொத்து இலவசமாகவே வழங்கப்பட்டது. ஏழைக்கு ஒரு கொத்து விலையின்றிக் கிடைத்தது. அரசாங்கத்துக்கு இறக்குமதிச் செலவு குறைந்தது. ஏட்டில் நோக்குவார்க்கு இஃது ஒரு நுண்ணிய ஏற்பாடே.

அடுக்களையில் நின்று நோக்குவார்க்கோ கணக்கு வேறு. கைக்குழந்தை இல்லாத ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். முன்னர் அக்குடும்பம் வாரத்துக்குப் பன்னிரண்டு கொத்து அரிசியை மூன்று ரூபாவுக்குப் பெற்றது. புதிய ஏற்பாட்டில் ஆறு கொத்து இலவசம். மூன்று ரூபாவும் மிச்சம். அம்மூன்று ரூபாவைக் கொண்டு இழந்த ஆறு கொத்தையும் வெளிச் சந்தையில் வாங்கவேண்டுமாயிற் கொத்து 50 சதத்துக்குக் கிடைத்தல் வேண்டும். கிடைத்ததா? நெல்லுக்கு அரசாங்கம் வழங்கிய உத்தரவாத விலை 1967இற் புசலுக்கு 14 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒரு புசல் நெல் 46 இறாத்தல். குற்றினால் ஏறக்குறைய 30 இறாத்தல், அதாவது 15 கொத்து அரிசி தரும். எனவே குற்று கூலியும் வண்டிக் கூலியும் வியாபாரியின் இலாபமும் சேராமலே ஒரு கொத்தின் அடக்க விலை 93 சதம். ஆறு கொத்துக்கு ஐந்து ரூபா 58 சதம். மூன்று ரூபாவுக்கு முடிந்த காரியத்துக்கு அதன் இருமடங்கு அளவிற் செலவிட வேண்டியதாயிற்று. கூலி அவ்வாறு உயர்ந்திலது. வாக்காளர் ஏமாற்றப்பட்டனர் என்போர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நன்று.

1967 நவம்பரில் ரூபாவின் மதிப்பு நூற்றுக்கு இருபது வீதம் இறக்கப்பட்டது. 1968 மே மாதத்தில் அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை வந்து, அத்தியாவசியமல்லாத பொருள்களின் இறக்குமதி விலையை மேலும் ஏற்றியது. இலவசக் கல்வியின் பயனாய்ப் படித்து வெளிவந்த இளைஞர் பல்லாயிரவர் வேலையின்றி வீட்டில் இருந்தனர். டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் நிறுவனக் குழு, 1971இல் வெளியிட்ட அறிக்கையில், வேலையற்றோர் தொகையை ஏறக்குறைய ஐந்தரை இலட்சமெனக் கணித்தது.

இவற்றிடையே டட்லி அரசாங்கம் செய்த நற்பணிகளை மறைத்தல் முறையன்று. அவருடைய உணவுற்பத்தி இயக்கம் வெற்று ஆரவாரமன்று. 1965இல் 3 கோடி 60 இலட்சம் புசல் அளவிலிருந்த நெல் விளைச்சல் 1970இல் 7 கோடி 70 இலட்சம் அளவிற்கு உயர்ந்தது. 1965இன் வரட்சியைக் கழித்துப் பார்ப்பினும் இது பெரிய முன்னேற்றம். 1968இற் பொருளாதாரம் ஏறத்தாழ எட்டு வீதம் வளர்ந்தது. தேர்தல் மேடைகளில் ஐக்கிய தேசியக் கட்சியினர் இவற்றையும் மகாவலித் திட்டத்தையும் எடுத்துரைத்தனர். ஆனால் விளைச்சலாற் பயனடைந்தவன் விற்பதற்கு நெல்லுடைய கமக்காரன். நாட்டிற் பெரும்பகுதியினர் அரிசியை விலைக்கு வாங்குவோர். நெல் விலையின் உயர்வு அவர்க்குச் செலவின் உயர்வாகவே தோன்றிற்று. வளர்ச்சி என்பது புள்ளிவிவர ஏட்டில் இருந்தது. குறைந்த கொத்தோ கூப்பன் புத்தகத்தில் இருந்தது.

எதிரணியினர் இதனை நன்கு உணர்ந்தனர். சிறீ லங்கா சுதந்திரக் கட்சி, லங்கா சமசமாசக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகிய மூன்றும் 1968இற் பொதுத் திட்டமொன்றை வகுத்து ஐக்கிய முன்னணியாயின. அத்திட்டத்தில் வங்கிகளைப் பற்றியும் வர்த்தகத்தைப் பற்றியும் புதிய அரசியலமைப்பைப் பற்றியும் பல இருந்தன. கூட்டங்களில் மக்கள் காதிற் பதிந்ததோ இழந்த கொத்து மீளும் என்பதே. வெகுசனக் கவர்ச்சி அரசியலின் இயல்பு இதுவாகும்: பல சிக்கல்களை ஒரு பொருளிற் குவித்து, அதனை இழந்தவர் மக்கள், பறித்தவர் ஒரு சிலர் எனக் காட்டுதல். இங்கே அப்பொருள் கற்பனைப் பொருளன்று என்பது மட்டுமே சிறப்பு.

ஆயினும் இவ்வரசியலுக்கு மற்றொரு முகமும் இருந்தது. 1966 சனவரி 8ஆந் திகதி தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் பற்றிய ஒழுங்குவிதிகள் பாராளுமன்றுக்கு வந்தபோது, அவற்றை எதிர்த்துக் கொழும்பில் ஊர்வலம் நடத்தியோர் இதே மூன்று கட்சியினர். தமிழரசுக் கட்சியோடு கூடிய பிரதமரை இகழ்ந்து, டட்லியின் வயிற்றில் மசாலை வடை என்னும் கோஷம் அக்காலத்திற் சிங்களத்தில் எழுந்தது. பத்தாண்டின் முன்னர்ச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம உரிமை கேட்டு நின்ற சமசமாசக் கட்சியினர் அவ்வணியிற் கலந்தமை வருத்தத்துக்குரியது. வயிற்றின் குறையைப் பேசுவோர் அக்குறைக்குக் காரணமான ஓர் அயலானையும் தேடிக்கொள்ளும் இடம் இதுவே. வடபகுதி வாக்காளரோ இவ்விரு அணிக்கும் வெளியே நின்றனர். மாவட்ட சபை பற்றிய உடன்பாடு நிறைவேறாமையாலும், திருகோணமலையிற் கோணேசர் கோயிற் சூழலைப் புனித நகராக்கும் முயற்சி தடைப்பட்டமையாலும் 1968இல் அமைச்சர் மு. திருச்செல்வம் பதவி விலகியிருந்தார். தேர்தலில் தமிழரசுக் கட்சி 13 ஆசனங்களைப் பெற்றதாயினும் வட்டுக்கோட்டையில் அ. அமிர்தலிங்கமும் நல்லூரில் இ. மு. வி. நாகநாதனும் தோற்றனர். யாழ்ப்பாணத் தொகுதியில் ஜி. ஜி. பொன்னம்பலமும் தோல்வி கண்டார்.

நாடெங்கும் வாக்களித்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 85 வீதத்தினர். முடிவுகளுள் ஒரு விந்தை உண்டு. ஐக்கிய தேசியக் கட்சி பெற்ற வாக்குகள் நூற்றுக்கு 37.9, சிறீ லங்கா சுதந்திரக் கட்சி பெற்றவை 36.9. அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு 17 ஆசனம். குறைந்த வாக்குப் பெற்ற கட்சிக்கு 91. முன்னணிக் கட்சிகள் தம்முட் போட்டியின்றித் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டமையும், தொகுதிதோறும் முந்தியவரே வெல்லும் முறையும் இதற்குக் காரணம். மூன்று கட்சியும் சேர்ந்து பெற்றவையும் பாதிக்குச் சற்றுக் குறைவே. மக்கள் ஒருமித்து ஒரு பக்கம் பாய்ந்தனர் என்பது ஆசனக் கணக்கு காட்டும் மயக்கம் என்க.

இனி வாக்குறுதியின் வரலாறு. அவ்வாண்டு செப்டெம்பரில் இரண்டாங் கொத்து வந்தது. 25 சதத்துக்கன்று, 75 சதத்துக்கு. முற்கூறிய குடும்பத்துக்கு வாரம் நாலரை ரூபா. பழைய மூன்று ரூபா மீளவில்லை. எனினும் சந்தைச் செலவிலும் ஒரு ரூபாவுக்குச் சற்று மேல் மிச்சமாயிற்று. வேலை வாக்குறுதியோ அவ்வளவுதானும் நிறைவேறவில்லை. முன்னணியின் வெற்றிக்கு உழைத்த சிங்கள இளைஞருள் ஒரு பகுதியினர் 1971 ஏப்ரலில் ஆயுதமேந்தினர். 1973இல் உலகெங்கும் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏற, நிதி அமைச்சர் என். எம். பெரேராவே, 1953இன் ஹர்த்தாலுக்குத் தலைமை தாங்கியோருள் ஒருவர், பங்கீட்டைக் குறைக்கவும் மாவின் விலையை ஏற்றவும் நேர்ந்தது. பாணுக்காக மக்கள் விடியுமுன் வரிசையில் நின்றனர். மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுசெல்லல் கட்டுப்படுத்தப்பட்டது. அரிசிச் சோற்றுக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு பல வீடுகளில் அன்றாட உணவாயிற்று. இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்ச் செய்கையாளர் கையிற் பணம் புரண்டதும் இக்காலத்திலேயே. 1977 யூலையில் ஐக்கிய தேசியக் கட்சி தானியம் பற்றிய தன் வாக்குறுதியோடு வந்து 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. சிறீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு எஞ்சியவை எட்டு. புதிய அரசாங்கம் அடுத்த ஆண்டிலேயே இலவச அரிசியை மாத வருமானம் 300 ரூபாவுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டுப்படுத்தி, 1979இல் உணவு முத்திரை முறையைக் கொணர்ந்து பங்கீட்டை முடித்துவைத்தது.

இவ்வரலாற்றிற் கொத்து குறைந்தபோதெல்லாம் மக்கள் ஆட்சியைத் தண்டித்தனர் என்று கூறும்போது, மக்கள் என்னுஞ் சொல்லுள் அடங்காத ஒரு சாரார் இருந்தனர் என்பதை விடுதல் ஆகாது. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளருக்குக் கூப்பன் புத்தகம் இருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் அவருட் பெரும்பாலோர்க்கு வாக்கு இருக்கவில்லை. அரிசி குறைந்தால் அவர் தண்டிக்கக்கூடிய பிரதிநிதி எவருமில்லை. கிராமத்தான் மரவள்ளி நட்டுக்கொள்ளத் துண்டு நிலமேனும் உடையவன்; லயத்தில் வாழ்பவனுக்கு அதுவும் அரிது. 1974இல் நாட்டின் இறப்பு வீதம் உயர்ந்தபோது தோட்டப் பகுதிகளில் அது மிகக் கூர்மையாக உயர்ந்தது. பசியால் உயிரிழந்தோருள் அத்தேயிலையைப் பறித்து நாட்டுக்கு அரிசி வாங்கும் செலாவணியை ஈட்டிக்கொடுத்தவர் பலர். பிரசாவுரிமை பெற்றோர் தொகை சிறிது பெருகியபின், 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் மூன்று உறுப்பினரைத் தெரியும் நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து மூன்றாமவராகச் சௌ. தொண்டமான் பாராளுமன்றஞ் சென்றார்.